சொதிப் பந்தியில் பத்து யூனிட்

எதிரே விரித்த தலைவாழை இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து முடிப்பதற்குள் வடிவு கணக்கை முடித்துவிட்டாள். சோறு இரண்டு கரண்டி, அதில் மாவுச்சத்து எண்பது கிராம். தேங்காய்ப்பால் சொதிக்குள் கிடக்கப்போகிற உருளைக்கிழங்கும் பக்கத்தில் சிப்ஸாகக் கிடக்கப்போகிற உருளைக்கிழங்கும் சேர்த்து இருபது. அல்வா ஒரு துண்டு, அதற்கு முப்பது. இஞ்சிப் பச்சடியை விட்டுவிடலாம், அதைக் கணக்கில் சேர்த்தால் இஞ்சிக்கே சிரிப்பு வரும். ஆக நூற்று முப்பது. பதிமூன்று கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்றால் பத்து. முந்தானைக்கு அடியில் கையை விட்டு, பாவாடை நாடாவில் மாட்டியிருந்த பம்பை இடுப்பில் அரிக்கிறது போலப் பாவனை செய்துகொண்டே லேசாக வெளியே திருப்பி, ஓரக்கண்ணால் எண்களைப் பார்த்து அழுத்தினாள். மேல்கையில் ஒட்டியிருந்த சென்சார் பம்புக்கு அனுப்பியபடி, இப்போது சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. பத்து யூனிட் போகட்டுமா? போகட்டும். பம்பு ஒரு தரம் மெல்ல அதிர்ந்துவிட்டு வேலையைத் தொடங்கியது. சொதியும் சோறும் விறுவிறுவென்று சர்க்கரையை ஏற்றிவிடும், ஆகையால் கால் மணி நேரம் முன்கூட்டியே இன்சுலினை உள்ளே அனுப்பிவிட வேண்டும் என்பது டாக்டர் சொல்லிக் கொடுத்தது. இலை போட்டால் கால் மணியில் சோறு வந்துவிடும் என்பது முப்பத்தேழு வயதுவரை பாளையங்கோட்டைப் பந்திகளில் உட்கார்ந்து அவளே தெரிந்துகொண்டது. நேற்றுத் தங்கை கோமுவுக்குக் கல்யாணம், இன்றைக்கு மறுவீடு. மறுவீடு என்றால் சொதிச் சாப்பாடு. அதைச் சாப்பிட மாப்பிள்ளை வீட்டார் நூற்றுச் சொச்சம் பேர் தென்காசியிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். காலையிலிருந்து மண்டபத்தில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றியவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, “ஓடுனது போதும், எம் பக்கத்துல உக்காரும்மா” என்று உட்கார வைத்தது மாப்பிள்ளையின் அம்மா மங்கையர்க்கரசிதான். உட்கார்ந்த சுகத்தில் வடிவு கண்ணை மூடினாள். இந்த நேரத்தில் அவளுக்கு எப்போதும் ஒரு பிரமிப்பு வரும், நாலு வருஷமாகியும் அது தேய்ந்துபோகவில்லை. தீப்பெட்டி இரண்டை அடுக்கினால் வருகிற கனம், அதற்குள் ஒரு திருகாணி, அந்தத் திருகாணி கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்புகிறது, ஒரு சொட்டை இருநூறாகப் பங்கு வைத்தால் வருகிற ஒரு பங்கைக்கூட அளந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக வயிற்றுத் தோலுக்குள் தள்ளுகிறது. அவள் நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர். மதகு ஷட்டரை ஒரு அங்குலம் தூக்க நாலு ஆள் தொங்கிப் பார்த்தவள். இருநூற்றில் ஒரு பங்கு சொட்டு! யார் உட்கார்ந்து இதை நினைத்திருப்பார்கள், எந்த ஊரில், சாப்பிட்டுவிட்டா, சாப்பிடாமலா? அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஒரு வாய் சொதிச் சோறு போட வேண்டும் என்று அவளுக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது.

“ஏ வடிவு, எந்திரி.” கண்ணைத் திறந்தால் பெரியப்பா. அப்பா போனபிறகு வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவர்தான் கலெக்டர். குனிந்து, காதோடு, ஆனால் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, “சம்பந்தகாரவுக இன்னும் பத்துப் பேரு நிக்காக. பொண்ணு வீட்டு ஆளு மொதப் பந்தியில உக்காந்தா என்ன பேசுவாக?” என்றார். மங்கையர்க்கரசி, “நாந்தான் உக்கார வச்சேன் அண்ணாச்சி” என்றாள். “அது உங்க பெருந்தன்மை மதினி. மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா.” வடிவு எழுந்துவிட்டாள். எழுந்து நின்ற பிறகுதான் பத்து யூனிட் ஞாபகம் வந்தது. பெண் வீட்டார் கடைசிப் பந்தி என்பது அவளுக்குத் தெரியாததா? பால் குடிக்கிற வயசிலிருந்து தெரியும். ஒரு கை இழுத்து உட்காரச் சொன்ன அன்பில் அது மறந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். மங்கையர்க்கரசி விடவில்லை, தன் கைப்பையைத் தூக்கி அந்தக் காலி நாற்காலியில் வைத்து, “இந்த எலையில யாரும் உக்காரப்படாது, இது எம் மருமக அக்காவுக்கு” என்றாள். பெரியப்பா சம்பந்தியின் கைப்பையை எதிர்த்து என்ன செய்வார், நகர்ந்து போனார். பம்பு இடுப்பில் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது, பார்த்தால் எட்டரை யூனிட் போய்விட்டது, நிறுத்து நிறுத்து என்று தேடி அழுத்துவதற்குள் பத்தும் முடிந்து ஒரு சின்ன அதிர்வு. திறந்துவிட்ட தண்ணீரைத் திரும்ப அணைக்குள் ஏற்ற முடியாது என்று விவசாயிகளிடம் அவள் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள். இப்போது அது அவள் வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. சரி, பயப்பட ஒன்றுமில்லை, கால் மணி இருக்கிறது, கைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை டப்பா இருக்கிறது. கைப்பை எங்கே? மணப்பெண் அறை அலமாரியில். நகையோடு சேர்த்து அம்மா வைத்துப் பூட்டினாள், சாவி அம்மா இடுப்பில், அம்மா வாசலில். வாசலில் ஏன் என்றால், மாப்பிள்ளையின் தாய்மாமன் வருகிற கார் ரயில்வே கேட்டில் நிற்கிறதாம். தாய்மாமன் வந்து இலையில் உட்காராமல் ஒரு பருக்கை விழக்கூடாதாம். ஆகையால் நூறு இலையும் வெறும் பச்சையாக, ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்போடு, காத்துக்கொண்டிருந்தன. வாசலுக்குப் போய்ச் சாவி கேட்டால் சுற்றி நிற்கிற சம்பந்தி வீட்டார் எதற்கு என்பார்கள், ஆகையால் அவளும் சுவர் ஓரத்தில் காத்துக்கொண்டு நின்றாள்.

பம்பின் திரையில் நூற்றுப் பதினாறு. அம்புக்குறி லேசாகக் கீழே சாய்ந்திருந்தது. ஐந்து நிமிஷத்தில் அந்தக் கார் வந்துவிடும். நூற்று நாலு. இலைகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றபோது அவளுக்கு அது தோன்றியது. தோன்றியதும் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. இந்த நூறு பேருக்குள்ளும் இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான ஒரு சதைத் துண்டு படுத்திருக்கிறது. கணையம். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பேரே தெரியாது. ஆனால் அது இவர்களைத் தெரிந்து வைத்திருக்கிறது. இலையைப் பார்த்ததுமே தயாராகிறது, ஒரு வாய்க்கு ஒரு வாய் அளந்து விடுகிறது, அதோ அந்தக் கதர்ச் சட்டைக்காரர் இரண்டாம் தரம் பாயசம் வாங்கினால் இரண்டாம் தரமும் விடும், வேண்டாம் என்று கையை மறித்தால் அதுவும் நிறுத்திக்கொள்ளும். பதிமூன்றுக்கு ஒன்று என்று வாய்ப்பாடு இல்லை, பொத்தான் இல்லை, எழுந்திரு என்று எந்தப் பெரியப்பா சொன்னாலும் அதற்குக் கவலையில்லை. நூறு பேர், நூறு கணக்கு, ஒரு சத்தம் கிடையாது! பேச்சும் சிரிப்புமாக இருந்த கூடம் அவளுக்கு ஒரு கணம் கோயில் மாதிரி இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டால் பைத்தியம் என்பார்கள். அவளுக்குள்ளும் ஒன்பது வயது வரைக்கும் அது இருந்ததுதானே, மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை வரைக்கும், எத்தனை பந்திக்குச் சத்தமில்லாமல் படியளந்திருக்கிறது, ஒரு நாளாவது அவள் அதை நினைத்தாளா? தண்ணி தண்ணி என்று குடித்துக் குடித்து மயங்கி விழுந்த கோடையில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அது நின்றுபோன சேதி வந்தது. அப்பா ஊசி போடப் படித்தார். மின்சார வாரிய கிளார்க், பேனாவைத் தவிர வேறு கூர்மையான எதையும் பிடித்தவரில்லை. நர்ஸ் சொன்னபடி சாத்துக்குடியில் குத்திப் பழகினார். முப்பது நாற்பது சாத்துக்குடி. குத்துப்பட்ட பழத்தை வீணாக்குவானேன் என்று வீடே ஜூஸ் குடித்தது, வடிவைத் தவிர. முதல் நாள் அவளுக்குப் போடுவதற்கு முன்னால் வெறும் ஊசியைத் தன் தொடையில் குத்திப் பார்த்துவிட்டு, “வலிக்கத்தான் செய்யும், ஆனா சும்மா வலிக்காது, காரியமா வலிக்கும்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் முழுசாகப் புரியவில்லை, ஆனால் அழுகை நின்றது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு; ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் மருந்து பாட்டில். காலையும் மாலையும் அந்தப் பானையைத் திறக்கும்போது அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார். ஆறு வருஷத்துக்கு முன் போய்விட்டார், பம்பை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பார். எண்பத்தொன்று. அம்புக்குறி இப்போது நேராகக் கீழே பார்த்தது. பம்பு அவளைக் கேட்காமலே, நாள் முழுக்க விட்டுக்கொண்டிருக்கும் தன் வழக்கமான சொட்டை நிறுத்திக்கொண்டது. அவளுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிட்டது, இனி ஒரு பங்குகூடத் தர மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டது, எத்தனை பொறுப்பு அந்தச் சின்ன வஸ்துவுக்கு! ஆனால் ஏற்கெனவே கொடுத்ததை அது என்ன செய்யும்.

சமையல்கட்டுக்குப் போய் ஒரு பிடி சீனி வாங்கிப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. போனாள். உள்ளே மாப்பிள்ளையின் சித்தி நின்று சமையல்காரத் தவசுப்பிள்ளையிடம் இஞ்சிப் பச்சடிக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தாள். சீனியை அள்ளி வாயில் போடுகிற பெண்ணைப் பார்த்துவிட்டு எந்தச் சித்தி சும்மா இருப்பாள்? வடிவு ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு வந்த வழியே திரும்பினாள். பின்னால் நினைக்கும்போது அவளுக்கே அவமானமாக இருக்கப்போகிற திரும்பல் அது. ஆனால் இருபத்தெட்டு வருஷப் பழக்கம் கால்களைத் திருப்பிவிட்டது. அம்மா சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதென்றால் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பாள், அதுவும் குரலைப் பாதியாக மடித்து. வடிவைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் உண்மை தெரிந்து காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அம்மா பேச்சை அடியோடு மூடிவிட்டாள். கோமுவுக்கு வரன் அமைந்தபோது, “இவளுக்கு இருக்குன்னா அவளுக்கும் வரும்பாக. அவ பிள்ளைக்கும் வரும்பாக. மறுவீடு முடியட்டும் வடிவு, ஒரு நாளு பொறுத்துக்கோ” என்றாள். அந்த ஒரு நாளில் இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி. இப்போது தாய்மாமன் வந்துவிட்டார். வாசலில் பன்னீர், சந்தனம், கும்பிடு, அம்மா அங்கேயே. பெரியப்பா வந்து ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வடிவு கையில் வைத்தார். நெய் மினுங்கும் அல்வாத் துண்டுகள். “மூத்தவ கையாலதான் மொத இனிப்பு விழணும். பொம்பளைங்க வரிசை உன்னோடது.” எழுபது. முதல் இலை, ஒரு துண்டு. இரண்டாவது இலை, ஒரு துண்டு. கை நெய்யாக இருந்தது, நெற்றி வேர்த்தது, அல்வாவின் வாசனை மூக்கில் ஏறி அங்கேயே நின்றுகொண்டது. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு வாய்க்குள் போனால் போதும், நெய் கொஞ்சம் தாமதிக்கும், ஆனாலும் போதும். ஆனால் பரிமாறுகிற தாம்பாளத்திலிருந்து பரிமாறுகிறவள் எடுத்துத் தின்பதா? தாம்பாளமே எச்சில், சம்பந்தி வீட்டாருக்கு எச்சில் வைத்தார்கள் என்று பேச்சாகிவிடும். ஐந்தாவது இலை. ஆறாவது இலை. ஆறாவது வைத்துவிட்டோமா? வைத்த மாதிரிதான் இருக்கிறது. பம்பு அதிர்ந்தது, இந்தத் தரம் நீளமாக. அறுபத்து மூன்று. பதிமூன்றுக்கு ஒன்று என்றால் அறுபத்து மூன்றுக்கு எத்தனை, இல்லை, அது அந்தக் கணக்கு இல்லை, அது வேறு, எது வேறு? ஆறாவது இலை. “ரெண்டு வச்சிட்டியேம்மா” என்று யாரோ சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். உதடு மரத்திருந்தது. கால்கள் எங்கேயோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தன, யாருடைய கால்களோ, நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தன. இந்த மூளைக்கு ஒரு நிமிஷம் சர்க்கரை குறைந்தால் ஆறுக்கு அப்புறம் ஏழு என்பதே மறந்துபோகிறதே, இத்தனை வருஷம் படித்தது, ஆற்று நீர்க் கணக்கு, அப்பாவின் முகம், எல்லாம் ஒரு ஸ்பூன் சீனியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறதா? பயத்துக்கு நடுவிலும் அது அவளுக்கு அதிசயமாக இருந்தது. அப்பா பெயர் என்ன? இருக்கிறது. சுந்தரலிங்கம். இருக்கிறது. ஏழாவது இலை. அதன் முன்னால் நாற்காலியில் ஆளுக்குப் பதில் ஒரு கைப்பை. கைப்பைக்கு யாராவது அல்வா வைப்பார்களா?

“இதென்ன இப்படி வேத்துக் கொட்டுது? கை எதுக்கு நடுங்குது?” மங்கையர்க்கரசியின் முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. அந்த முகத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று வடிவிடம் தயாராக உண்டு, வெயில் அத்தை, தலைசுற்றல் அத்தை, சாப்பிட்டால் சரியாகிவிடும் அத்தை. இருபத்தெட்டு வருஷமாகப் பழகி வைத்த பதில். தேடினால் அது கிடைக்கவில்லை. அதையும் சர்க்கரைதான் தூக்கிப் பிடித்திருந்தது போலும், குறைந்ததும் விழுந்துவிட்டது. கிடைத்தது உண்மை மட்டும். அவள் நாற்காலியிலிருந்த கைப்பையை நகர்த்தி உட்கார்ந்தாள், தாம்பாளத்தை மடியில் வைத்தாள், ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். அது இறங்குவதற்குள் இன்னொன்று. தாய்மாமன் இன்னும் இலையில் கை வைக்கவில்லை. நூறு பேரில் ஒருவர்கூடக் கை வைக்கவில்லை. பெண்ணின் அக்கா பரிமாறுகிற தாம்பாளத்திலிருந்து அல்வாவை அள்ளி அள்ளித் தின்கிறாள். பம்பு இந்தத் தரம் அதிர்வதோடு நிற்காமல் வாய்விட்டே கத்தியது, பீப் பீப் என்று கூடம் முழுக்க. வடிவு அதை இடுப்பிலிருந்து எடுத்து, குழாயோடு, இலை ஓரத்தில் உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். “எனக்கு ஒம்பது வயசுல இருந்து சர்க்கரை, அத்தை. இது இன்சுலின் பம்பு. சோறு வந்துரும்னு முன்னாலேயே மருந்தை ஏத்திட்டேன். அதுக்குள்ள எந்திரிக்கச் சொல்லிட்டாங்க.” வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன, ஆனால் வந்தன. எதிர் வரிசையில் அந்தச் சித்தி, “இதை யாரும் சொல்லவே இல்லையே” என்றாள். மங்கையர்க்கரசி பம்பையே பார்த்தாள், அதிலிருந்து போகிற குழாயைப் பார்த்தாள், அது புடவைக்குள் நுழைகிற இடத்தைப் பார்த்தாள். “கரண்டா இது? ஷாக் அடிக்காதா?” “அடிக்காது அத்தை. பேட்டரி.” “ராத்திரியும் இதோடதானா?” “ராத்திரியும்.” “சொல்லலைதான்” என்றாள் மங்கையர்க்கரசி, சித்திக்கா தனக்கா என்று தெரியவில்லை, “அதைப் பெறகு பேசிக்கிடுவோம், பேசாம விட மாட்டேன்.” பிறகு தன் இலையில் விழுந்திருந்த இரண்டு அல்வாத் துண்டையும், தொடாத துண்டுகள்தான், இலையைச் சாய்த்து வடிவின் இலைக்குத் தள்ளினாள். “தின்னு. ஏ, யாரும் கை வைக்காதீங்க, இந்தப் பிள்ளை தெளியட்டும்.” நூறு பேரும் கையை இலைக்கு மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நூறு பேருக்குள்ளும் அந்தச் சதைத் துண்டும் காத்திருந்தது. வாசலிலிருந்து அம்மா வந்துவிட்டாள். கொத்துச் சாவி இடுப்பில் குலுங்க, தூணுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள். உப்புக்குப் பக்கத்தில் பம்பு. மகளின் வாயெல்லாம் அல்வா. சுற்றிலும் சம்பந்தி வீடு மொத்தமும். அம்மாவின் முகத்தில் மூன்று காபி டம்ளரும் ஒவ்வொன்றாக வந்து போனதை வடிவு பார்த்தாள், இனி என்ன வரும் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா அங்கே நின்றபடியே, அத்தனை பேருக்கு நடுவில், தொண்டை கிழியக் கேட்டாள்.

“வடிவூ... எவ்வளவுட்டி இருக்கு?”

வடிவு குனிந்து எண்ணைப் பார்த்தாள். “நாப்பத்தொம்பதும்மா” என்று அவளும் கத்தியே சொன்னாள். “ஏறிரும்.”